சாட்சி நேரத்துல வேலை போனவனுக்கும் மைக் குடுங்க

இலங்கை மலையகத்துல இருக்குற பாஸ்டர்மாருக்கும், போதகர் ஐயாமாருக்கும், ஃபாதர்மாருக்கும், கொமிட்டியில இருக்குற அண்ணன்மார் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, வரிசையா கட்டுன தொழிலாளர் வீட்டுல, பொறந்து வளந்தவன், கொஞ்ச காலம் தோட்டத்துலயே கொழுந்து கணக்கு எழுதுற வேலை பாத்தேன், இப்ப டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில பில் போடுறேன். யாரோடயும் சண்டைக்கு வரல. ஆனா ஒரு விஷயத்த நம்ம சபைகள்ல யாரும் வாய் தொறந்து சொல்றதில்ல, அதனால நானே சொல்லிர்றேன்.

ஞாயித்துக்கிழமை சாட்சி நேரத்துல, அதாவது கர்த்தர் செஞ்சத சபைக்கு முன்னால சொல்ற நேரத்துல, யாருக்கு மைக் குடுக்குறோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கட்டாருக்கு விசா வந்தவரு, மகளுக்கு டீச்சிங் அப்பொயின்ட்மென்ட் கெடச்ச அக்கா, கொழும்புல ப்ரொமோஷன் வாங்குன தம்பி, எல்லாருக்கும் அல்லேலூயா, சந்தோஷம்தான், நானும் கை தட்டுறேன். ஆனா வேலை போனவன் சாட்சி சொல்லி நான் கேட்டதே இல்ல. அவன் ஆராதனை முடிஞ்சதும் ஜெபத்துக்கு முன்னால வந்து நிக்கிறான், அங்க அவன்கிட்ட, தம்பி ஏதாச்சும் தடை இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க, தசமபாகம் ஒழுங்கா குடுக்குறீங்களா, குடும்ப ஜெபம் நடக்குதான்னு கேட்டா அவன் என்ன பண்ணுவான்? ஏற்கனவே கடைக்காரனுக்கு பதில் சொல்லி, வீட்டுல பதில் சொல்லி களைச்சுப்போய் வந்தவன். அடுத்த வாரம் கோயில் பக்கமே வரமாட்டான்.

என் கதைய சுருக்கமா சொல்றேன். மழை நாள்ல கொழுந்து நிறுக்குறத பாத்தவங்களுக்கு தெரியும். பொம்பளைங்க சாக்க இழுத்துக்கிட்டு வரிசையில நிப்பாங்க, வெரலெல்லாம் கொழுந்துக் கறை புடிச்சு கறுத்திருக்கும், தராசுல மாட்டுனா முள்ளு ஆடி நிக்கிறதுக்குள்ளயே மேல இருக்குறவரு நம்பர கூப்புட்டுருவாரு. சாக்குக்குன்னு கழிப்பாங்க, ஈரத்துக்குன்னு கழிப்பாங்க, அது ஒரு அளவுல நியாயம்தான், யாரும் கேக்கப்போறதில்ல. அதுக்கு மேலயும் ஒரு வெட்டு இருக்கு பாருங்க, அங்கதான் வெவகாரம். நாளுக்கு 18 கிலோன்னு வச்சிருக்குற எடத்துல அந்த வெட்டுனால 16ன்னு விழுந்தா அன்னைக்கு அரைப்பேருதான், காலையில இருந்து அட்டைக்கடியில நின்னது பாதி நாள் சம்பளத்துக்குன்னு ஆயிரும். 2021ல நாள் சம்பளம் 1000 ரூபா ஆன பொறகு இந்த கிலோ கணக்கு நெறைய எடத்துல இன்னும் இறுகிப்போச்சுன்னு உங்க சபையில இருக்குற எந்த அக்காவ கேட்டாலும் சொல்லுவாங்க. கண்ணு சரியா தெரியாத ஒரு பாட்டி தெனமும் என்கிட்ட வந்து, தம்பி எத்தனன்னு கேக்கும். முள்ளு காட்டுனத விட்டுட்டு வேற ஒண்ண எழுதச் சொன்னாங்க, என்னால முடியாதுன்னேன். அவ்வளவுதான். கொஞ்ச நாள்ல ஆள் கொறைக்கிறோம்னு சொல்லி நிப்பாட்டிட்டாங்க.

சபையில சொன்னப்ப எனக்கு கெடச்ச பதில், மேலதிகாரிக்கு கீழ்ப்படியணும்னு வேதம் சொல்லுதே தம்பி, கொஞ்சம் அனுசரிச்சு போயிருக்கலாமே. எனக்கு நெசமாவே சிரிப்பு வந்துச்சு. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது"ன்னு நீதிமொழிகள் 11ம் அதிகாரம் மொதல் வசனத்துலயே இருக்கு, சன்டே ஸ்கூல்ல எங்களுக்கு மனப்பாடம் பண்ண குடுத்ததே நீங்கதான். தராசு மேட்டர்ல வேதம் இவ்வளவு பச்சையா பேசுது, அதுவும் தராசை சுத்தியே பொழப்பு நடக்குற நம்ம ஊருக்கு, ஆனா அந்த வசனத்துல ஒரு பிரசங்கம் நான் இன்னும் கேக்கல.

கொலோசெயர் 3:23 மட்டும் மாசத்துக்கு ஒரு தரமாவது வரும். எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள். நல்ல வசனம், அத நம்பித்தான் நான் இப்பவும் கடையில ஆணி எண்ணிக் குடுக்குறேன். ஆனா அங்க இருந்து மூணு வசனம் தள்ளிப் போனா 4:1 வருது, எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்னு. அந்த மூணு வசனத்த தாண்ட நம்ம பிரசங்கத்துக்கு ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு?

எனக்கு தோணுறத சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. 1854ல தோட்டத்து தமிழ் ஆளுங்களுக்கு ஊழியம் செய்ய தமிழ் கூலி மிஷன் கண்டியில ஆரம்பிச்சப்ப அதுக்கு கை குடுத்ததே தோட்டத்து துரைமாருதான். அவங்க அனுமதி இருந்தாத்தான் உபதேசியார் லயத்துக்குள்ள கால் வைக்கலாம். அந்தக் காலத்துல அதுக்கு வேற வழி இல்லாம இருந்திருக்கலாம், பள்ளிக்கூடம் வந்துச்சு, எழுத்து வந்துச்சு, அத நான் மறுக்கல. ஆனா தோட்டத்து ஒபிஸ் பக்கம் திரும்பிப் பாத்துக்கிட்டே பேசுற அந்தப் பழக்கம் இன்னும் நம்மள விடல. அதே கண்டியில 1972ல சத்தியோதயம்ங்குற சமூக ஆய்வு நிலையத்த ஆரம்பிச்ச இயேசு சபை சுவாமி போல் கெஸ்பர்ஸ் தோட்டத்துல பொறந்தவரில்ல, இருந்தும் காலம் பூரா தோட்டத்து மக்களுக்காக பேசுனாரு. அப்ப முடியாத காரியம் இல்லையே.

அப்புறம் யோசேப்பு. வேலை போனவங்களுக்கெல்லாம் நீங்க யோசேப்பு கதைதான் சொல்றீங்க, ஆனா ஜெயில்ல இருந்து ஒரே ஜம்ப்ல அரமனைக்கு போயிர்றீங்க. நடுவுல இருக்குறத யாரும் வாசிக்கிறதில்ல. தப்பு பண்ண மாட்டேன்னு சொன்னதுனாலதான் அவன் உள்ளயே போனான். கூட ஜெயில்ல இருந்த ராஜாவோட பானபாத்திரக்காரன் வெளிய போயி அவன மறந்துர்றான், அதுக்கப்புறம் முழுசா ரெண்டு வருஷம் போகுது. எஜமான் போத்திபார் வீட்டுல பெரிய ஆளா இருந்தப்ப கர்த்தர் யோசேப்போடே இருந்தார்னு ஆதியாகமம் 39ல எழுதியிருக்கு, ஜெயில்ல போட்டப்புறமும் அதையேதான் எழுதியிருக்கு. என்ன தடைன்னு அங்க யாரும் ஆராயல. எனக்கு இந்த அதிகாரம் புடிக்கும், ஏன்னா வேலை போயி வீட்டுல இருந்த மாசங்கள்ல நான் ஜெபத்த விடல, கோவப்பட்டுக்கிட்டே ஜெபிச்சேன், பழைய சம்பளம் திரும்ப கெடைக்கல, இன்னும்கூட கெடைக்கல, ஆனா தனியா இருந்தேன்னு சொல்லமாட்டேன். பெண்கள் ஐக்கியத்து அக்கா ரெண்டு பேர் அரிசியும் பருப்பும் கொண்டாந்து வச்சிட்டு ஒரு கேள்வியும் கேக்காம டீ குடிச்சிட்டு போனாங்க, அதுவும் ஒரு ஊழியம்தான் ஐயா.

கொழும்புல இருக்குற நம்ம புள்ளைங்கள பத்தியும் ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில, புறக்கோட்டையில கடைகள்ல நிக்கிறதுங்களுக்கு போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, லீவு கெடைச்சாலும் ஞாயித்துக்கிழமை கெடைக்காது, நத்தாருக்கு வீட்டுக்கு வரும்போது அதுங்கள பாத்து கோயில மறந்துட்டியான்னு கேக்காதீங்க, போயாவன்னிக்கு ஒரு கூட்டம் வைங்க.

ஜெபம் மட்டும் போதாதுன்னு சொன்னா விசுவாசம் இல்லாதவன்னு நெனப்பீங்க, பரவாயில்ல. வேலையில இருந்து நிப்பாட்டுனா தொழில் வழக்கு பாக்குற லேபர் ட்ரிபியூனலுக்கு போக ஆறு மாசம்தான் தவணை, உபவாச கூட்டம் ரெண்டு மூணு வச்சு முடிக்கிறதுக்குள்ள அது ஓடிரும். ஈபிஎஃப்ல, அதாவது ஊழியர் சேமலாப நிதியில, நம்ம சம்பளத்துல இருந்து 8 வீதம் வெட்டுனா மொதலாளி 12 வீதம் போடணும், ஈடிஎஃப்ங்குற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுசா அவரு பொறுப்பு, அது ஒழுங்கா போகுதான்னு பாக்கத் தெரியாத ஆளுங்க நம்ம பெஞ்சுல எத்தன பேர். அஞ்சு வருஷம் முழுசா வேலை செஞ்ச நாள் சம்பளக்காரருக்கு பணிக்கொடையா வருஷத்துக்கு 14 நாள் சம்பளம்னு கணக்கு, 1983ம் வருஷத்து சட்டம், அதையும் கேக்காமயே விட்டுட்டு போறவங்க இருக்காங்க. சபைக்குள்ளயே ஒபிஸ் வேலை பாத்து பென்ஷன் எடுத்த பெரியவங்க இருக்காங்கல்ல, மாசத்துல ஒரு நாள் ஆராதனைக்கு அப்புறம் ஒரு மேசைய போட்டு அவங்கள உக்கார வச்சு ஃபோம் நெரப்பிக் குடுக்கச் சொல்லுங்க. செலவு ஒரு பேனாதான்.

மத்தது அந்த மைக். மே தினத்த ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமை வேலை போனவங்க, அரைப்பேரு விழுந்தவங்க ரெண்டு பேருக்கு அஞ்சஞ்சு நிமிஷம் குடுங்க. ஃபாதர்மாருக்கு இன்னும் லேசு, 1955ல இருந்து மே 1 தொழிலாளரான சூசையப்பர் திருநாளாச்சே. நேரம் பத்தலன்னா அறிவித்தல கொறைங்க, அது எப்படியும் நீளம்தான். இத வாசிச்சு யாருக்காவது கோவம் வந்தா முதுகுக்குப் பின்னால பேசாம நேர்ல கூப்புடுங்க, புதன்கிழமை எனக்கு கடை லீவு.