படகு கரையேறிய பிறகு

அன்புள்ள தங்கைக்கு,

களப்பணிக் காலம் முடிந்து படகு கரையேறிய பின், நாள் முழுவதும் கணினித் திரையின் முன் உட்கார்ந்திருப்பதுதானா கடல் உயிரியல் என்று கேட்டிருந்தாய். பெரும்பகுதி அதுதான், இந்தப் படிப்பில் நீ சேர்வதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

உன் கையிலிருக்கும் வேலையையே பார்ப்போம். திமிங்கிலச் சுறாக்களின் மேல் உள்ள வெண்புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பது போல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை என்பதால், செவுள்களுக்குப் பின்புறமுள்ள பகுதியின் படத்தைக் கொண்டே ஒவ்வொன்றையும் இனங்காண்கிறோம். விண்மீன் படங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்காக வானியலாளர் எட்வர்ட் குரோத் 1986இல் வெளியிட்ட கணக்கீட்டு முறையே, 2005இல் இச்சுறாக்களுக்கென மாற்றியமைக்கப்பட்டது. ஆயினும், மென்பொருள் காட்டும் பொருத்தம் சரிதானா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய ஒருவர் வேண்டும். ஒரு சுறாவின் இடப்பக்கப் படத்தையும் வலப்பக்கப் படத்தையும் இரு வேறு சுறாக்களாகப் பதிந்துவிட்டால், கடலில் இல்லாத ஒரு சுறா நம் அட்டவணையில் பிறந்துவிடும்.

நேரப் பதிவையும் சரிபார். ஜிபிஎஸ் கருவி உலகப் பொது நேரத்தைப் பதிய, என் கேமரா உள்ளூர் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல், ஒவ்வொரு படமும் எங்கே எடுக்கப்பட்டது என்றறிய இரண்டையும் நேரப்படி இணைத்தேன் ஒரு முறை; ஒரு நாள் முழுதும் எடுத்த படங்கள் படகுத்துறையிலேயே எடுக்கப்பட்டவை போல வரைபடத்தில் குவிந்து கிடந்தன. சிரிப்பு வர எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அனுமதி அறிக்கை, நிதி விண்ணப்பம் ஆகியவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவை அலுப்பூட்டுபவையே.

ஆனால் உன் அட்டவணையில் என்னைக் கவலைகொள்ள வைத்தவை வெற்றுக் கட்டங்கள்தாம். கடலுக்குச் சென்று, மணிக்கணக்கில் தேடி, ஒரு சுறாவையும் காணாத நாளுக்குரிய பதிவு 0. காற்று மிகுந்து படகே புறப்படாத நாளுக்குரியது வெற்றுக் கட்டம். இவ்விரண்டையும் கலந்துவிட்டால், சுறாக்கள் குறைந்தனவா அல்லது நாம் தேடிய நாட்கள்தான் குறைந்தனவா என்பதைப் பிற்பாடு எந்தப் புள்ளியியல் முறையாலும் பிரித்தறிய இயலாது. படகில் இருந்தவள் நீ. எந்த நாள் எப்படிப்பட்டது என்பது உனக்கு இப்போது நினைவிருக்கும், அடுத்த களப்பணி தொடங்கியபின் இருக்காது. ஆகவே, நனைந்து சுருங்கிய அந்தக் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அக்கட்டங்களை முதலில் நிரப்பு, படங்கள் காத்திருக்கும்.

அன்புடன்,
உன் அக்கா