மூசைக்குப் போகும் ஸ்காட்லாந்து வெள்ளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளி விலை ஏறியதிலிருந்து புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய வெள்ளியை எடைக்குப் போடுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. அறுந்த கொலுசும் நசுங்கிய கிண்ணமும் போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவற்றோடு சேர்ந்து, கடல் கடந்து பிழைக்கப் போன நம் முன்னோர் கொண்டுவந்த உடையில் குத்திக்கொள்ளும் பழைய ஊசிகளும் புரோச் என்னும் அணிகளும், ஒருவரும் திருப்பிப் பார்க்காமலே உருக்கும் மூசைக்குள் போகின்றன. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் பாட்டனார் 1930-களில் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அந்நாட்டுத் தேயிலைத் தொழிலில் ஸ்காட்லாந்துக்காரர்களின் பங்கு மிகப் பெரியது. 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு அதைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரரே. பாட்டனார் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது துரைசானி இரண்டு பொருள்களைக் கொடுத்தனுப்பினார்: கற்கள் பதித்த வட்டமான புரோச் ஒன்று, வாள் வடிவ ஊசி ஒன்று. புரோச்சைப் பாட்டி நல்ல நாள்களில் தோளருகே முந்தானையில் குத்திக்கொள்வார். ஊசி என்னவென்று தெரியாமல் பெட்டியிலேயே கிடந்தது.

பாட்டிக்குப் பின் புரோச் என் தம்பியின் பங்குக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவசரப் பணத்தேவைக்காக அவன் அதை ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனபோது நானும் உடனிருந்தேன். கடைக்காரர் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, "முத்திரையே இல்லையே, கல்லெல்லாம் அரக்குல நிக்குது, கழிச்சுத்தான் போடணும்" என்றார். அனல் பட்டதும் அரக்கு இளகிக் கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அடியில் இருந்த மெல்லிய கரும்பலகைக் கல் இரண்டாக உடைந்தது. வெள்ளிக்குப் பணம் கொடுத்து, கற்களைக் காகிதத்தில் மடித்து எங்களிடமே தந்துவிட்டார். அவர் ஏமாற்றவில்லை. தெரியாமல் செய்தார், எங்களுக்கும் தெரியவில்லை.

விக்டோரியா அரசியின் கணவர் 1852-இல் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையை வாங்கினார். அரசி அந்நாட்டு நகைகள் மேல் பெருமோகம் கொண்டிருந்தார். அந்த மோகம் பிரிட்டன் முழுவதும் பரவியது. அப்போது எழுந்த ஒரு வகையில் அகேட், ஜாஸ்பர் போன்ற உள்ளூர்க் கற்களை இழைத்து, கரும்பலகைக் கல்லை அடியில் கொடுத்து, நம் பத்தர்களைப் போலவே அரக்கு வைத்து வெள்ளிக்குள் பதித்தார்கள். ஆகவே அரக்கு இருப்பது குறையன்று, அது அந்த வேலையின் முறை. இத்தகைய கல் வைத்த சிறு நகைகள் பலவற்றுக்கு அக்காலத்தில் அங்கே முத்திரையும் இடவில்லை. முத்திரை இல்லாததால் மட்டமான வெள்ளி என்ற முடிவு இவற்றுக்குப் பொருந்தாது. உதிர்ந்த கற்களில் நடுவில் இருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் நீர்த்த காப்பி டிகாக்ஷன் நிறத்தில் தெரியும். அது கெய்ர்ன்கார்ம் என்னும் மலைப்பகுதியின் பெயரால் வழங்கும் படிகக் கல் என்று பிறகுதான் அறிந்தேன்.

பெட்டியில் கிடந்த ஊசியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது அதன் பிறகே. அதன் முதுகில் அரிசி மணி அளவுகூட இல்லாத குறிகள் வரிசையாக இருந்தன: மூன்று கோபுரக் கோட்டை, முட்பூ (திசில்), ஓர் ஆங்கில எழுத்து, செய்தவரின் தலைப்பெழுத்துகள். கோட்டை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரின் முத்திரை. 1485-லிருந்து வழக்கில் இருப்பது. முட்பூ 1759 முதல் அங்கே வெள்ளியின் மாற்றைக் காட்டியது, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி. எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். பட்டியலில் ஒப்பிட்டால் எந்த ஆண்டு சோதிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். கிளாஸ்கோ நகருடையது மரமும் பறவையும் மணியும் மீனும் சேர்ந்த முத்திரை, வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அந்நகரின் சோதனைச் சாலை 1819 முதல் 1964 வரை நடந்தது. நங்கூரம் இருந்தால் இங்கிலாந்தின் பர்மிங்காம்.

அந்த வாள் வடிவ ஊசி, ஆண்கள் உடுத்தும் கில்ட் என்னும் கட்டம் போட்ட கம்பளி உடைக்கானது. வேட்டியைப் போலவே அதிலும் ஒரு தலைப்பு மற்றொன்றின் மேல் வந்து படியும். மேல் தலைப்பின் வலப்பக்கக் கீழ்முனையில் ஊசியைக் குத்துவார்கள். இரண்டு தலைப்புகளையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும் என்பதால் மேல் துணியில் மட்டுமே குத்துவது முறை. காற்றில் தலைப்பு பறக்காமல் அதன் எடை இழுத்து வைக்கும். மற்றொரு வகையான லக்கன்பூத், கிரீடம் சூட்டிய இதய வடிவ ஊசி, காதலுக்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்டது. கண்ணேறு படாமல் இருக்கக் குழந்தையின் உடையிலும் குத்தினார்கள். வசம்பு வளையல் கட்டும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஊர் ஞாயிறு சந்தையில் ஒருவர், தம்மிடமிருந்த ஊசி 1783 கடலூர்ச் சண்டைக்கு வந்த சிப்பாயினுடையது என்று சொல்லி விற்க முயன்றார். அந்தச் சண்டையில் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைகள் இருந்தது உண்மை. ஆனால் அவர் காட்டிய ஊசியில் திருப்பி மூடும் பாதுகாப்புக் கொக்கி இருந்தது; அது 20-ஆம் நூற்றாண்டு வேலை. முத்திரையையும் கொக்கியையும் படிக்கத் தெரிந்தால் இழப்பும் குறையும், ஏமாற்றமும் குறையும்.

இப்படிப்பட்ட பொருள் வைத்திருப்பவர்கள் புளி, விபூதி, பற்பொடி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தேயத் தேய முத்திரை மழுங்கிவிடும். நகைக்கடைக்காரர்கள், அயல்நாட்டு முத்திரையோ கல்லோ கண்டால் உருக்குவதற்கு முன் உரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். புதுச்சேரி அரசு அருங்காட்சியகம் மாதத்தில் ஒரு நாள் பொதுமக்கள் கொண்டுவரும் பழம்பொருள்களைப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். அரிக்கமேட்டில் கிடைத்த அகேட், சூதுபவள மணிகளைக் காத்து வைத்திருக்கும் இடம் அது. அரிக்கமேட்டில் 1945-இல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர் கிளாஸ்கோவில் பிறந்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

மேலே சொன்ன முத்திரைகளைப் பெரிதாக வரைந்து தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு முறை வெளியிட்டு உதவினால், கத்தரித்துத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கும்படி எனக்குத் தெரிந்த கடைகளில் நானே நேரில் சென்று கேட்டுக்கொள்வேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.