பூட்டை எடுத்துவிட்டேன், பாப்பா

பாப்பா,

இன்றோடு உனக்கு 18 வயது முடிகிறது. காலையில் போனில் பேசியபோது விடுதியில் கேக் வெட்டியதைச் சொன்னாய், புது அறைத்தோழி பற்றிச் சொன்னாய். நான் சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, சளி விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். "எனக்கு மட்டும் எழுதினால் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்வேன், அதோடு முடிந்துவிடும். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுது அம்மா" என்று போன மாதம் சொன்னது நீதான். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், அந்த ஆளைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம் என்று மூன்று நிபந்தனை வைத்தாய். மூன்றையும் காப்பாற்றுவேன். என் புனைபெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று தெரிந்த சொந்தக்காரர்கள் சிலர் இதைப் படிக்கிறார்கள். சில இடங்களில் நான் சட்டென்று நிறுத்திவிட்டால் அதற்காகத்தான்.

டிவியில் தொடர் பார்க்கிற தளத்தில் உன் பெயர் போட்ட கட்டத்துக்கு நான் போட்டிருந்த பூட்டைப் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டேன். தம்பியின் கட்டத்தில் இருப்பது அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

2023 ஐப்பசியில் அந்த மழை நாள். உனக்கு அது எப்படி நினைவிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன்.

நான் வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்தேன். நாலு நாள் மழையில் காயாத துணியெல்லாம் சோபாவின் ஒரு பாதியில்தான் குவிந்து கிடக்கும். அன்று அந்தப் பாதி காலியாக இருந்தது. துணிகளை மடித்து நாற்காலியில் வைத்திருந்தாய். முக்காலியில் இரண்டு தம்ளர் தேநீர். ஒன்று நீ பாதி குடித்தது. இன்னொன்று ஆறிப்போகக் கூடாது என்று ஒரு சின்னத் தட்டால் மூடியிருந்தது. தலைக்குக் குளித்து, துண்டைக் கட்டிக்கொண்டு, கால்களை மேலே தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாய். திரையில் ஒரு பெண் மாடிப்படியில் நிற்கிறாள். நீ அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாய்.

இவ்வளவும் எனக்குப் பிற்பாடு நினைவு வந்தவை. அன்று என் கண்ணில் பட்டது திரையின் மூலையில் இருந்த எழுத்து மட்டும்தான். யு/ஏ 16+. அதற்குக் கீழே பாலியல் வன்முறை, தகாத சொற்கள்.

உன் கையில் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று இருந்தது. பள்ளியில் பட்டிமன்றத்துக்கு எழுதிக்கொண்டு போவாயே, அதேபோல் எண் போட்டு எழுதியிருந்தாய். ஒன்று, 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி இந்தத் தளங்கள் ஒவ்வொரு தொடருக்கும் வயது போட்டாக வேண்டும்; 16+ என்றால் 16 வயது ஆனவர்கள் பார்க்கலாம்; எனக்கு 16 வயது இரண்டு மாதம். இரண்டு, பள்ளி மாணவி ஒருத்தி தற்கொலை செய்துகொள்ளும் அமெரிக்கத் தொடர் ஒன்று 2017இல் வந்தபோது, நியூசிலாந்தின் தணிக்கை அலுவலகம் அதற்கென்றே புது வகை ஒன்றை உண்டாக்கியது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ கூட இருந்தால் பார்க்கலாம் என்றது. மூன்று, "ஆகவே அம்மா என்னோடு உட்கார்ந்து பார்க்கலாம்."

"சட்டப்படி எனக்கு வயது ஆகிவிட்டது அம்மா" என்றாய். "அரசாங்கமா உன்னைப் பெற்றது?" என்று கேட்டேன். என் கையில் குடை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "நீயும் உட்கார் அம்மா, ஒரே ஒரு பாகம். இதோ இந்த இடத்திலிருந்து" என்றாய். நான் ரிமோட்டைப் பிடுங்கினேன். தாளையும் பிடுங்கினேன். அன்று இரவே உன் தம்பியிடம் எப்படிச் செய்வது என்று கேட்டு நாலு எண் பூட்டைப் போட்டேன். பதினோரு வயதுக்காரனுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. மூடி வைத்திருந்த தேநீரைக் காலையில் தொட்டியில் ஊற்றும்போது ஆடை கெட்டியாகப் படிந்திருந்தது.

அப்பா அன்று என்ன சொன்னார் என்பது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

நீ கேட்டது டிவி பார்க்க அனுமதி என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏழு மாதம் கழித்து, மே விடுமுறையில், உன் அத்தையிடமிருந்து போன் வந்தது. டியூஷனில் பல வாரமாக நடந்ததை அவர் சொன்னார். (இங்கே நிறுத்துகிறேன். பிள்ளையின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்று, பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க வந்த போக்சோ சட்டமே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதற்கு மேல் எழுத மாட்டேன்.) உனக்கு நடந்ததன் பெயர் அந்தத் தொடரைப் பார்த்துத்தான் உனக்குத் தெரிந்தது. அதை உன் வாயால் சொல்ல வரவில்லை. திரையில் அந்தப் பெண் சொல்லுவாள், அம்மா கூட உட்கார்ந்து கேட்பாள், அதற்குப் பிறகு நாம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறாய். அதற்காகத் துணி மடித்திருக்கிறாய். தேநீர் போட்டிருக்கிறாய்.

என்னை மன்னித்துவிடு. இதை இத்தனை பேர் முன்னால் எழுதுவதற்குத்தான் இவ்வளவு நாள் ஆனது.

அதோடு முடியவில்லை என்பதும் உனக்குத் தெரியும். அத்தை வீட்டுக்கு ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டபடியே கேட்டேன், "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" ஒரு தாய் கேட்கிற முதல் கேள்வியா அது? நீ அத்தையின் முகத்தைப் பார்த்தாய். 'நான் சொன்னேன் இல்லையா, இதைத்தான் கேட்பாள் என்று' என்று சொல்லுகிற பார்வை. அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

ஆனால் பாப்பா, அந்தப் பார்வை எனக்கு ஆத்திரத்தையும் கிளப்பியது. இதையும் சொல்லிவிடுகிறேன். டைபாய்டு வந்தபோது பதினேழு இரவு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? உன் பள்ளிக் கட்டணத்துக்காக என் வளையல் எங்கே போனது என்று யாருக்காவது தெரியுமா? எதைப் பார்க்கலாம் எதைப் பார்க்கக் கூடாது என்று ஒரு நாளும் சொல்ல வேண்டியிராத அத்தை நல்லவராகிவிட்டார். கூடவே இருந்து கண்டித்த நான் சொல்ல முடியாதவளாகிவிட்டேன். வருடத்துக்குப் பத்து நாள் பிள்ளையைப் பார்க்கிறவர்கள் எதையும் மறுக்க வேண்டியதில்லை. ஒரு தடவையாவது இரண்டாவது தாள் எழுதி என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கக் கூடாதா நீ?

அத்தை இதைப் படித்தால் தவறாக நினைக்க வேண்டாம். அன்று தயங்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் போட்டவர் அவர்தான். நான் "அக்கம்பக்கத்தில் தெரிந்தால்" என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஏன் அந்த வார்த்தை முதலில் வந்தது என்று ரொம்ப நாள் யோசித்தேன். நான் வளர்ந்த வீட்டில் டிவி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தூர்தர்ஷனில் படம் பார்க்க எதிர்வீட்டுக்குப் போவோம். பழைய படங்களில் வில்லன் கதவைச் சாத்துகிற காட்சி ஒன்று வருமே, அது தொடங்கும்போதே தாத்தா என்னிடம், "போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வா" என்பார். எதிர்வீட்டு அடுப்பங்கரையில் செம்பை வைத்துக்கொண்டு நிற்பேன். அலறல் கேட்கும், கண்ணாடி உடைகிற சத்தம் கேட்கும், இசை அடங்கும். அடங்கினால் திரும்பி வரலாம். வந்து உட்கார்ந்தால் அந்தப் பெண் கிணற்றடியில் நிற்பாள், அல்லது "நான் கெட்டுப்போனவள்" என்று அழுவாள், அல்லது ஊர்ப் பெரியவர்கள் அவனையே அவள் கழுத்தில் தாலி கட்டச் சொல்வார்கள். காட்சியைத் தாத்தா மறைத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த தீர்ப்பு முழுவதையும் நான் உட்கார்ந்து பார்த்தேன். குடும்பத்தோடு, முறுக்கு தின்றுகொண்டு.

நீயும்தான். மருமகளின் பாலில் விஷம் கலப்பதையும், கணவன் நடுக்கூடத்தில் அறைவதையும், அறை வாங்கியவளே காலில் விழுவதையும் நாலு வயதிலிருந்து இரவு எட்டு மணிக்கு ஆச்சி மடியில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தாய். அந்தத் தொடர்களுக்குத் திரை மூலையில் எந்த எழுத்தும் கிடையாது. அதை ஒரு நாளும் நான் நிறுத்தியதில்லை. அவன் செய்ததற்கு அவன்தான் வெட்கப்பட வேண்டும் என்று சொன்ன ஒரே தொடரைத்தான் நிறுத்தினேன், தகாத சொற்கள் இருக்கின்றன என்று.

இப்படியெல்லாம் எழுதிவிட்டதால் பூட்டே கூடாது என்று நான் சொல்லுவதாக எடுத்துக்கொள்ளாதே. இதில் உன்னோடு எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை. உன் தாளின் இரண்டாவது எண்ணில் நீ எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த அமெரிக்கத் தொடரில் இருந்த தற்கொலைக் காட்சியை 2019இல் அந்தத் தளமே வெட்டி எடுத்துவிட்டது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே பயந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை. நீ அத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்த நாட்களில் உன் கண் முன்னால் எது ஓட வேண்டும், எது ஓடக் கூடாது என்று பயப்பட எனக்கு உரிமை இருந்தது. அந்தப் பயத்துக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். கூட உட்காராமல் போனதற்குத்தான் கேட்கிறேன்.

பயம் என்றே இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி கூச்சம். உன் பக்கத்தில் உட்கார்ந்து அப்படி ஒன்றைப் பார்க்க என்னால் முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உனக்கு வயது போதாது என்று சொல்லிவிட்டேன்.

இனித் தம்பி. அவனுக்கு இப்போது 13. தலை உருளும்போது பின்னால் துள்ளல் பாட்டுப் போடுகிற ஒரு தொடரைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். "எனக்குச் செய்ததை அவனுக்கும் செய்யாதே" என்று நீ சொன்னாய். கேட்டுக்கொண்டேன், பாதிதான். 16 வரை அவனுக்குப் பூட்டு இருக்கும். அதற்குப் பிறகு இருக்காது. ஆனால் இப்போதே, அவன் எதைக் கேட்டாலும், முதல் பாகத்தை நான் பார்த்துவிட்டுத்தான் முடியாது என்று சொல்வேன். ஏன் என்பதையும் சொல்வேன். அந்தத் தொடரைப் பார்த்தேன். முடியாது என்று சொன்னேன். வெட்டுப்படுகிறவனுக்கு வலிப்பதை அதில் யாருமே காட்டவில்லை, அதனால்தான் என்றேன். முறைத்துக்கொண்டு போனான். அரை மணி நேரம் கழித்து வந்து, "வலிப்பதைக் காட்டினால் பார்க்கலாமா?" என்று கேட்டான். பேசிக்கொண்டிருந்தோம், இரவு பதினொன்று வரை.

போன சனிக்கிழமை இருவருமாக வேறொன்று பார்த்தோம். நடுவில் ஒரு முத்தக் காட்சி. அவன் மின்விசிறியைப் பார்த்தான், நான் நாட்காட்டியைப் பார்த்தேன். "போய்த் தண்ணீர் கொண்டு வா" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

பூட்டை எடுத்த அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு உன் கட்டத்தைத் திறந்தேன். "தொடர்ந்து பார்க்க" என்று வரிசையில் முதலாவதாக அது நின்றது. நீ மிச்சத்தைத் தோழி வீட்டில் பார்த்து முடித்துவிட்டாய் என்று தெரியும். ஆனால் நம் வீட்டு டிவியில் அந்தச் சிவப்புக் கோடு நான்காம் பாகத்தின் பாதியில், நான் ரிமோட்டைப் பிடுங்கிய இடத்திலேயே இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம். அழுத்தினேன்.

அந்தப் பெண் படியிறங்கி வருகிறாள். அடுப்பங்கரையில் அவள் அம்மா ஏதோ தாளித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடியும் திறக்கிறாள். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அரிசிச் சம்படத்தைத் தள்ளி வைத்து இடம் விடுகிறாள்.

அங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் தனியாகப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு உனக்கு எத்தனை நாள் விடுமுறை என்று கேட்டு எழுது.

அம்மா