மூடிக் கிடந்த மண்டபத்தில் ஒரு மாலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

நானும் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா பொது மண்டபத்தில் நாடகம் பார்த்துவிட்டு வந்தோம். சிறுமியாக இருந்தபோது, வியாசர்பாடி ஜீவாவில் ரயிலேறி மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வரும் போதெல்லாம், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் அந்தச் செங்கல் கட்டடத்தைக் காட்டி, "இது யாரு வீடுப்பா?" என்று கேட்பாயே, அதே மண்டபந்தான். மெட்ரோ பணிக்காக அடைத்த தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் பல ஆண்டுகள் மறைந்திருந்த அதை மாநகராட்சி சீரமைத்திருக்கிறது.

கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய கட்டடம்; விக்டோரியா அரசியின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவை ஒட்டி அந்தப் பெயர் பெற்றது. விவேகானந்தர் 1897இல் பேசியதும், 1916 நவம்பரில் நீதிக்கட்சிக்கு வித்திட்ட கூட்டம் கூடியதும் இங்கேதான் என்று நீ பாடத்தில் படித்திருப்பாய். எனக்கு அதைவிட நெருக்கமானது அதன் நாடக வாழ்வு.

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை தன் நாடகங்களை மேடையேற்றியது இந்த மண்டபத்தில்தான். அரிதாரம் பூசுபவனைக் 'கூத்தாடி' என்று ஏளனமாகப் பேசிய காலத்தில், வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களும் வேடம் கட்டி வந்து நின்றார்கள். விடிய விடிய நடந்த நாடகத்தை அவர் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். அந்தச் சபையில் ரங்கவடிவேலு என்பவர் பெண் வேடத்தில் பெயர் பெற்றவர். துறைமுகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த உன் தாத்தா, தெருத் திருவிழா நாடகத்தில் சேலை கட்டி நடித்ததற்காகச் சொந்தக்காரர்களிடம் கேலிப் பேச்சு வாங்கும் போதெல்லாம், அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவர்களுடைய வாயை அடைப்பார். ஆனால் மண்டபத்துக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அது கோட்டு போட்டவர்களின் இடம் என்ற எண்ணம் அவருக்கு. நாடகம் பார்க்க வேண்டுமென்றால் வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகைக்குப் போவார்.

அந்த எண்ணம் இன்னும் போகவில்லை என்பதை அன்று வாசலிலேயே கண்டேன். எங்களுடன் வந்த எதிர்வீட்டு இட்லிக்கார அக்கா, படியில் ஏறாமல் ஓரமாக நின்றுகொண்டு, "நாமெல்லாம் உள்ள போலாமா?" என்று அம்மாவின் காதோடு கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். முட்டிவலிக்காரி, அன்றைக்கு எங்களுக்கு முன்னால் படியேறினாள்!

நாடகம் மீன் விற்கும் ஒரு தாயையும் அவளுடைய மகனையும் பற்றியது. நடித்தவர்களில் பாதிப்பேர் காசிமேட்டுப் பிள்ளைகள், பேச்சிலேயே தெரிந்தது. மகன் கோபத்தின் உச்சியில் வாயைத் திறந்த நேரம் பார்த்து, சென்ட்ரல் பக்கமிருந்து ரயில் நீளமாக ஊதியது. அந்தப் பையன் பதறவில்லை. உயர்த்திய கையை இறக்காமல் ஊதல் அடங்கும்வரை அப்படியே நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து வசனத்தைப் பிடித்தான். எழுந்த கைத்தட்டலில் எங்கள் அக்காவின் விசில்தான் பெரிதாகக் கேட்டது. ஒலிபெருக்கிகளை மட்டும் இன்னும் கொஞ்சம் தணித்து வைத்திருக்கலாம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நடிகர்கள் குரலை மட்டுமே நம்பிப் பேசிய இடம் அது.

காரை பூசி, ஓடு மாற்றி, செங்கல்லைத் துலக்கியது நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருமண வரவேற்புக்கும் விருது விழாவுக்கும் மட்டுமே கதவு திறந்தால், தாத்தா நினைத்தது சரியென்று ஆகிவிடும். புளியந்தோப்பு கானா, வியாசர்பாடிப் பறை, தெருக்கூத்து எல்லாம் மாதம் ஒருநாளாவது அந்த மேடைக்கு வர வேண்டும். வாடகையும் அவர்களுக்குக் கட்டும்படியாக இருக்க வேண்டும். இதைக் கேட்டு எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து மாநகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கல்லூரியில் நாடகம் போட்டவள் நீ. வரைவைப் புகைப்படம் எடுத்து அனுப்புகிறேன், திருத்திக் கொடு.

பொங்கலுக்கு நீங்கள் வரும்போது பேரனையும் அங்கே அழைத்துப்போக ஆசை. தமிழ் வசனம் அவனுக்குப் பாதிதான் விளங்கும், பரவாயில்லை. தாத்தாவின் சலங்கையைத் துடைத்து வைத்திருக்கிறேன். பயணத் தேதி உறுதியானதும் எழுது, இருக்கைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அக்காவுக்கும் ஒன்று.

அன்புடன்,
அப்பா