மற்றப் படவில் இருந்தவர்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், சகோதர சகோதரிகளுக்கும்,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

விசுவாசிகள் ஆண்டவரைப் பற்றிப் பிறரிடம் பேசப் பழகுவதற்காக ஆறு சபைகளாகச் சேர்ந்து தொடங்கிய ஓராண்டு முயற்சி நிறைவடைந்துவிட்டது. கணக்கையும் ஒப்படைத்தாயிற்று. நன்றி சொல்வதுதான் பாக்கி. ஒவ்வொருவராகத் தேடிச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தில் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. பெயர் வேண்டாம் என்று உங்களில் பாதிப்பேர் முன்பே சொல்லிவிட்டீர்கள்.

முதல் கூட்டம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஜெபித்தோம், பாடினோம், நோக்கத்தை வாசித்தோம். விசுவாசிகள் தங்கள் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் ஆண்டவரைப் பற்றி இயல்பாகப் பேசப் பழக வேண்டும், அதற்கு எல்லாச் சபைகளும் கைகோக்க வேண்டும் என்றோம். எல்லோரும் தலையசைத்தார்கள். அப்புறம் ஒருவர் கேட்டார்: "சரி, ஒரு ஆள் விசுவாசத்துக்கு வந்தால் எந்தச் சபைக்குப் போவார்?" யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு நற்செய்திக் கூட்டத்தின் முடிவில், பெயர் எழுதிக் கொடுத்தவர்களின் சீட்டுகளை யார் எடுத்துக்கொள்வது என்பதில் மனஸ்தாபம் வந்து, இரண்டு சபையார் பேசிக்கொள்வதையே நிறுத்தியிருந்தார்கள். ஒரு சபையின் ஆட்களை இன்னொரு சபை இழுத்துக்கொள்வதைக் குறிக்கும் "ஆடு திருடுகிறார்கள்" என்ற சொல்லை நம்மில் பலர் சொல்லியிருக்கிறோம், நம்மைப் பார்த்தும் சொல்லியிருக்கிறார்கள். அதை மறைத்து வைத்துக்கொண்டு ஒற்றுமை பற்றிப் பேச முடியாது.

அப்போதுதான் நம்மில் மூத்த போதகர் லூக்கா ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தார். இராமுழுவதும் ஒன்றும் அகப்படாத சீமோனுக்கு, ஆண்டவருடைய வார்த்தையின்படி வலையைப் போட்டதும் வலை கிழிந்துபோகிற அளவுக்கு மீன். அவன் உடனே மற்றப் படவில், அதாவது மற்றப் படகில், இருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டுகிறான். அவர்கள் வருகிறார்கள். இரண்டு படவுகளும் நிரம்புகின்றன. போதகர் அதற்கு விளக்கவுரை எதுவும் சொல்லவில்லை. "நம்முடைய ஆட்கள் சொல்லி ஒருவர் உங்கள் சபைக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். எழுதிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார். எழுதிக்கொண்டோம். யார் மூலம் கேள்விப்பட்டாரோ அவர் இருக்கிற சபைக்கோ, தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சபைக்கோ, புதியவர் தாமே தீர்மானித்துப் போகலாம். ஏற்கெனவே ஒரு சபையில் இருப்பவரை நாம் அழைப்பதில்லை. இந்த இரண்டு வரிகள்தான் ஓராண்டையும் தாங்கி நின்றன. ஐயா, அன்றைக்கு நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன்.

பயிற்சிப் பாடங்களைத் தயாரித்த குழுவுக்கு அடுத்த நன்றி. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபையும், விசுவாசித்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிற சபையும், ஜெபத்தில் அந்நிய பாஷை பேசுவதைப் பற்றி நேரெதிரான கருத்துள்ள சபைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தீர்கள். ஒருவர் 'சுவிசேஷம்' என்பார், இன்னொருவர் 'நற்செய்தி' என்பார், கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டீர்கள். யாரும் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. இயேசு யார், நமக்காக என்ன செய்தார், அவரை நம்பி மனந்திரும்புவது என்றால் என்ன என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதற்குத்தான் அதிகப் பொறுமை தேவைப்பட்டது. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

2011-ல் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான அவையும், உலக சுவிசேஷ ஐக்கியமும் சேர்ந்து சாட்சி பகர்வதற்கான, அதாவது தங்கள் விசுவாசத்தைப் பிறருக்குச் சொல்வதற்கான, நெறிகளை வெளியிட்டன. ஏமாற்றுவதும், கட்டாயப்படுத்துவதும், ஆசை காட்டுவதும் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருந்ததைப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே வைத்தீர்கள். ஒன்று பேதுரு மூன்றாம் அதிகாரம் சொல்லும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்பதற்கு நடைமுறையில் இதுதான் பொருள்.

மூன்று நிமிடப் பயிற்சியை மறக்க முடியாது. சபைக்குள் மட்டும் புழங்குகிற வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள் என்றோம். முப்பது ஆண்டுகளாக விசுவாசியாக இருக்கும் ஒரு அண்ணன் எழுந்தார். "நான் இரட்சிக்கப்பட்டு..." என்றதும் பக்கத்தில் இருந்த தம்பி கையைத் தூக்கினான். மறுபடி தொடங்கினார். "அபிஷேகத்தினாலே..." மறுபடியும் கை. நான்காவது முறை அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி தூக்கம் வராது. செய்த ஒரு தப்பு யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று பயம். அதை இயேசுவிடம் சொன்னேன். மனைவியிடமும் சொன்னேன். அன்றைக்குத் தூங்கினேன்." அறையே அமைதியானது. அடுத்த வாரம் இதே வார்த்தைகளைத் தன் தம்பியிடம் சொன்னதாகச் சொன்னார். கூடப் பிறந்தவரிடம் முப்பது ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. அண்ணா, எங்கள் எல்லோர் முன்பும் நான்கு முறை எழுந்து நின்றதற்கு நன்றி.

பிசாசு பிடித்திருந்து குணமானவன் இயேசுவோடுகூட வர ஆசைப்பட்டபோது, உன் வீட்டுக்கும் உன் இனத்தாரிடத்துக்கும் போய்ச் சொல் என்றுதானே ஆண்டவர் அனுப்பினார்? எருசலேமில் துன்பம் வந்தபோது அப்போஸ்தலர் அங்கேயே இருந்தார்கள். சிதறிப்போன சாதாரண விசுவாசிகள்தான் போன இடமெல்லாம் வசனத்தைச் சொன்னார்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வி. எஸ். அசரியா தம்முடைய தோர்ணக்கல் பேராயத்தில் ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, "சுவிசேஷத்தைச் சொல்லாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லவைப்பார். 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில், "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று மேலைநாட்டு மிஷனரிகளிடம் கேட்டவரும் அவரே. இந்த ஆண்டு இந்த இரண்டையும் எனக்கு ஒன்றாகவே பார்க்கத் தோன்றியது. சாட்சி சொல்வதற்கு முதலில் நண்பர் வேண்டும், நண்பருக்கு நேரம் வேண்டும்.

அதனால் நான்கு சபைகளின் போதகர்களுக்குத் தனியாக நன்றி சொல்லியே ஆக வேண்டும். வாரம் முழுவதும் உபவாச ஜெபம், வேத ஆராய்ச்சி, பாடகர் பயிற்சி, கமிட்டி என்று இருந்தால் விசுவாசிக்குச் சபைக்கு வெளியே ஒரு சிநேகிதர்கூட இருக்க மாட்டார். அதை உணர்ந்து, வாரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தை ஓராண்டுக்கு நிறுத்தினீர்கள். "இந்த நேரத்தைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள்" என்று பிரசங்க மேடையிலிருந்து அறிவித்தீர்கள். கூட்டம் குறைந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கவலை உங்களுக்கு இருந்ததை நான் அறிவேன். ஓராண்டில் வேறு எந்த முடிவும் இவ்வளவு பலன் தரவில்லை என்பது என் கருத்து.

குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், நாற்காலி அடுக்கியவர்கள், வாகனம் ஓட்டியவர்கள், அச்சுப் பிழை திருத்தியவர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று நேர்மையாகச் சொன்ன நண்பர்களுக்கும் நன்றி. அதற்குப் பிறகும் எங்களோடு பழைய மாதிரியே பழகுகிறீர்கள். உங்கள் நட்புக்கு நாங்கள் எந்த நிபந்தனையும் வைத்திருக்கவில்லை, வைக்கவும் மாட்டோம்.

முதல் கூட்டத்தின் அந்தக் கேள்விக்குப் பதில் எட்டாவது மாதத்தில் கண்ணுக்கு முன்னால் கிடைத்தது. ஒரு சகோதரி தன்னோடு வேலை செய்யும் பெண்ணுக்காக ஜெபித்து, அவருடைய தாயாரின் நோயில் துணை நின்று, கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி வந்தார். அந்தப் பெண் விசுவாசத்துக்கு வந்தபோது, வீட்டுக்குப் பக்கத்துச் சபைக்குப் போக விரும்பினார். சகோதரியின் சபையும் அந்தச் சபையும்தான் முன்பு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த இரண்டு சபைகள். சகோதரியின் போதகர் தாமே உடன்போய், வாசலில் நின்று, அங்கிருந்த போதகரின் கையைப் பிடித்து, "எங்கள் மகளைக் கூட்டி வந்திருக்கிறேன்" என்றார். இருவரும் கண்கலங்கினார்கள். நானும் அங்கே இருந்தேன்.

கடைசியாக, சின்ன நோட்டில் ஐந்து பெயர்களை எழுதி வைத்துத் தினமும் காலையில் ஜெபித்த அம்மாவுக்கு நன்றி. மூன்று பேரிடம் பேசிவிட்டீர்கள். இப்போது மகனோடு தங்குவதற்காக வேறு ஊருக்குப் போய்விட்டீர்கள். போகும் முன், மீதி இரண்டு பேரும் குடியிருக்கிற தெருவிலேயே வசிக்கும் ஒரு தங்கையிடம் அந்த நோட்டைக் கொடுத்தீர்கள். அவள் உங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. நேற்று அவளைப் பார்த்தேன் அம்மா. நான்காவது பெயருக்கு உரியவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துவின் அன்பில்,
கூட்டுக் குழுவுக்காக,
உங்கள் சகோதரி