காட்டு மண்ணின் கரிமத்தை உண்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரக்கன்று நடும் பணிகளால் மண்ணில் சேரும் கரிமத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, அதைப் பெட்டகத்தில் பூட்டி வைத்த பணத்தைப் போலக் கருதி, ஹெக்டேருக்கு எத்தனை டன் என்ற கணக்கோடு நின்றுவிட்டது. அந்தக் கரிமம் எந்த வடிவில் இருக்கிறது, மண்ணுயிர்களில், குறிப்பாக நூற்புழுக்களில், எவற்றுக்கு அது உணவாகிறது என்று கேட்காமல் காட்டு மண்ணின் வளத்தை மதிப்பிட முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

நூற்புழு என்றதுமே தக்காளி வேரிலும் வாழை வேரிலும் முடிச்சுகளை உண்டாக்கும் புழுதான் மதுரை வட்டார விவசாயிகளின் நினைவுக்கு வரும். குருணை மருந்தைத் தேடிக் கடைக்குப் போவதும் வழக்கம். ஆனால் மண்ணில் வாழும் நூற்புழுக்களில் ஒரு பெரும் பிரிவு பாக்டீரியாவை மட்டுமே உண்டு வாழ்கிறது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத இப்புழுக்களின் வாயில் வேரைத் துளைக்கும் ஊசி கிடையாது. வெறும் குழாய் போன்ற வாயால் மண்துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்திலிருந்து பாக்டீரியாவை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பட்டு 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசுக்கு வழிவகுத்த புழுவும் இந்தப் பிரிவைச் சேர்ந்ததுதான். புனலில் ரப்பர் குழாயைப் பொருத்திக் கிளிப்பால் அடைத்து, மெல்லிய தாளில் வைத்த ஒரு பிடி ஈரமண் நனையும்வரை நீர் ஊற்றி ஓர் இரவு விட்டால், புழுக்கள் குழாயின் அடியில் வந்து சேர்ந்துவிடும். பள்ளி நுண்ணோக்கியிலேயே கண்ணாடி போன்ற அவற்றின் உடலையும், தொண்டையிலுள்ள குமிழ் விட்டுவிட்டுத் துடித்து இரையை அரைப்பதையும் மாணவர்களுக்குக் காட்டலாம்.

2019-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, நிலத்தில் வாழும் விலங்குகளில் ஐந்தில் நான்கு நூற்புழுக்கள் என்றும், கரிமம் மிகுந்த வடகோளக் குளிர்ப்பகுதி மண்ணில்தான் அவை அதிகம் என்றும் காட்டியது. எனவே அளவு முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அளவு ஒன்றாகவே இருக்கும் இரண்டு காடுகளில் புழுக்களுக்குக் கிடைக்கும் தீனி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வேர்கள் கசியவிடும் சர்க்கரையும், புங்கன் இலையைப் போல விரைவில் மட்கும் தழையும் பாக்டீரியாவைப் பெருக்குகின்றன. பாக்டீரியா பெருகினால், சில நாட்களிலேயே ஒரு தலைமுறையை முடித்துவிடும் ராப்டிடிஸ் வகைப் புழுக்கள் மளமளவென்று பெருகுகின்றன. மரத்துக்கு உறுதி தரும், எளிதில் மட்காத லிக்னின் மிகுந்து, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்த சருகை முதலில் கைப்பற்றுவது பெரும்பாலும் பூஞ்சைகளே. அங்கே பூஞ்சை இழைகளைக் குத்தி உறிஞ்சும் வேறு வகைப் புழுக்கள் மேலோங்க, பாக்டீரியா உண்ணிகளில் குறைந்த தீனியிலும் காலந்தள்ளக்கூடிய செபலோபஸ் போன்றவையே எஞ்சுகின்றன. இப்படி எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டு மண்ணின் நிலையைக் கணிக்கும் முதிர்ச்சிக் குறியீட்டை நெதர்லாந்து அறிவியலாளர் டாம் போங்கர்ஸ் 1990-இலேயே வகுத்துத் தந்துவிட்டார். கொடைக்கானல் மலையில் சோலைக்காட்டையும் அதன் அருகிலேயே நிற்கும் பைன், தைல மரத் தோப்புகளையும் ஒரே கரிமக் கணக்கில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படாததற்கு இதுவே காரணம்.

புழுக்கள் தின்பதால் மண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாக்டீரியாவின் உடலில் ஏறத்தாழ ஐந்து பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் உண்டு. புழுவின் உடலுக்கோ ஏறத்தாழ பத்துப் பங்குக்கு ஒரு பங்கு போதும். உண்ட கரிமம் முழுவதும் உடலில் தங்குவதாக வைத்துக்கொண்டாலும் நைட்ரஜனில் பாதி மிச்சம். கரிமத்தில் ஒரு பகுதியை மூச்சில் செலவழித்துவிடுவதால் மிச்சம் இன்னும் கூடும். அது அம்மோனியமாக வெளியேறி மரங்களின் வேர்களுக்குப் போய்ச் சேருகிறது. உரமூட்டை எதுவும் ஏறாத அழகர்மலையிலும் சிறுமலையிலும் மரங்கள் ஆண்டுதோறும் தளிர்ப்பதில் இந்த உண்ணலுக்கும் பங்கு உண்டு. மூச்சில் கரிமம் வெளியேறுகிறதே, அது இழப்பல்லவா என்று சிலர் கேட்கலாம். இழப்புதான், ஆனால் மடிந்த நுண்ணுயிர்களின் எச்சம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் தங்குவதால், இந்த ஓயாத உண்ணலின் ஊடாகத்தான் நிலைத்த கரிமத்தில் ஒரு பகுதியும் உருவாகிறது.

பாக்டீரியா இருந்தால் மட்டும் போதாது, புழு அதனிடம் போய்ச் சேரவும் வேண்டும். மட்கு சேர்ந்து பொலபொலப்பாக இருக்கும் மண்ணில் புழு நுழையும் அளவுக்கு இடைவெளிகள் உண்டு. மிதிபட்டு இறுகிய மண்ணில் பாக்டீரியா நுண்துளைகளுக்குள் பதுங்கிவிட, புழுக்கள் பட்டினி கிடக்கின்றன.

இவ்வளவும் சொல்வது, நம் மலையடிவாரங்களிலும் கோயில் காடுகளிலும் சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தைக் கண்டிப்பதற்காகவே. தீயில் தழைச்சத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது; எஞ்சும் கரித்துகளைப் பாக்டீரியா எளிதில் உண்ண முடியாது. சுத்தம் என்ற பெயரில் நடக்கும் இந்த வேலையை, கோயில் நிர்வாகங்களும் ஊராட்சிகளும், நடைபாதையும் தீத்தடுப்புக் கோடும் தவிர்த்த இடங்களில் அடியோடு நிறுத்த வேண்டும்.

மண்வள அட்டையில் உள்ள 12 அளவீடுகளில் அங்ககக் கரிமமும் ஒன்று, 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேல் அதிகம் என்பது அதன் வரையறை. அந்த ஒற்றை எண், உண்ணத்தக்க கரிமம் எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்லாது. நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலின் ஊதா நிறம் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துச் சில நிமிடங்களில் இதை மதிப்பிடும் எளிய சோதனை இருக்கிறது. மரம் நடும் இடங்களில் வனத்துறை இச்சோதனையையும் நூற்புழுக் கணக்கையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்றும், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் துணையை அதற்குப் பெற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கோடையில் மட்டும் மண் எடுத்தால் கணக்கு பிழையாகும். வறட்சியில் உடல்நீரை இழந்து சுருண்டு கிடக்கும் புழுக்கள் மழை பட்ட பிறகே மீண்டும் உண்ணத் தொடங்குகின்றன. ஆகவே ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறையும் பங்குனியில் ஒருமுறையும் மாதிரி எடுப்பதே பொருத்தம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அழகர்கோவில் சாலை, மதுரை.