தம்பிக்கு, அக்காவின் வேலை பற்றி

அன்புள்ள தம்பி,

மகன், நீ போனில் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். அப்பம்மா பாரிசவாதம் வந்து படுத்துவிட்டார், அதனால் அக்கா கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிற்கட்டும், அவளுடைய சம்பளத்தை நான் அனுப்புகிறேன் என்கிறாய். நல்ல மனதோடுதான் சொல்கிறாய். எனக்குச் சம்மதமில்லை.

சம்பளத்தை அனுப்புவாய், சரி. ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி? அவள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால் கம்பனி 12 வீதம் போடுகிறது, ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். வேலையை விட்டால் அதோடு எல்லாம் நின்றுவிடும். 35 வயதில் விட்டவளை நாலைந்து வருசம் கழித்து யார் திரும்ப எடுப்பார்கள், அங்கே வாசலில் நிற்பதெல்லாம் ஏ.எல். பரீட்சை முடித்த பிள்ளைகள். கலியாணம் கட்டி வேலையை விடுகிற பெண் ஈபிஎஃப் காசை முன்கூட்டியே எடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆண்களுக்கு அப்படி இல்லை. சலுகை மாதிரித்தான் தெரியும். பெண் என்றால் இடையில் நின்றுவிடுவாள் என்று முதலே முடிவெடுத்து எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது.

இலங்கையில் பெண்களில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறவர்கள் அல்லது வேலை தேடுகிறவர்கள், ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்போ மிச்சப் பெண்கள் சும்மாவா இருக்கிறார்கள்? 2009இல் போர் முடிந்த பிறகு விசுவமடுவிலும் தருமபுரத்திலும் எத்தனை வீட்டைப் பெண்கள் தனியாகக் கொண்டு இழுக்கிறார்கள் என்று உனக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டில் இரவில் ஆம்பிளைகளை நிற்க விடமாட்டார்கள். அப்பம்மாவோடு இரவில் நிற்க அக்கா லீவு போட்டாள், லீவு எடுக்காமல் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வரவுக் காசு அந்த மாதம் போயிற்று. அடுத்த நாள் மருந்து எடுக்க, ஸ்கான் ரிப்போர்ட் வாங்க என்று அலைந்ததும் அவள்தான், அதற்கு ஆம்பிளை கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. 35 வயதுக்காரர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று மிட்வைஃப் அவளுக்குச் சொல்லி எவ்வளவு காலம். அந்தப் பரிசோதனை செய்கிற சுகவனிதையர் கிளினிக் இங்கே வேலை நாளில்தான் நடக்கும், இன்னொரு லீவு கேட்க அவளுக்குப் பயம். மார்பையும் அங்கேயே பார்ப்பார்கள். எனக்குப் பிரஷர், இடுப்பு வலி வேறு, அப்பம்மாவைத் தனியாகத் தூக்க ஏலாது. அப்பா கதிரையில் இருந்துகொண்டு "பிள்ளை, அம்மா கூப்பிடுறா" என்பார். அவருடைய அம்மாதான்.

அப்பம்மாவைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது நானும் அக்காவும். உன்னிடம் அதைக் கேட்கவில்லை. கிளினிக்குக்குக் கொண்டுபோவது, மருந்து, பிசியோ, மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு இரவில் எழும்பித் திருப்பிப் படுக்கவைப்பது உன் பங்கு. பகலில் அப்பாவும் பழகட்டும், கஞ்சி பருக்க ஒரு படிப்பும் வேண்டாம். காசு அனுப்பினால் அயலில் ஒரு அம்மாவைச் சம்பளத்துக்குப் பிடிக்கலாம், அவருக்கும் வேலைதான், குறைத்துக் கொடுக்க நினைக்காதே.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. புதன் இரவு பஸ் எடு. அக்காவுக்கு லீவு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வரும்போது பெரியாட்களுக்கான பாம்பஸ் இரண்டு பக்கட் வாங்கிக்கொண்டு வா, இங்கே விலை கூட.

அம்மா